நாற்பத்து மூன்று மஞ்சள் கோடுகள்

விளம்பரத்தை எழுதியவன் நான். படம் எடுத்தவனும் நான். 'முழுவதும் புதுப்பிக்கப்பட்ட பழைய பந்தயக் கார், ஒற்றை இருக்கை, நன்றாக ஓடும் நிலையில் விற்பனைக்கு' என்பது முதல் வரி. அதன் கீழே எட்டுப் படங்கள். கடைசி வரியில், புதுப்பித்தவர் என்று போட்டு என் அத்தானின் பெயர். அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவர் நான்கு வருஷம் உழைத்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். உண்மை அதுதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பட்டறைப் பக்கம் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மஞ்சக்கோடு என்பார்கள். ஒரு நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கி முடித்ததும், சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி பிரஷ்ஷை எடுத்து, நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். பிறகு நட்டு ஒரு நூல் அளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லையா, இன்னும் இறுக்கவில்லை என்று அர்த்தம். இதில் அவரிடம் பேச்சுக்கே இடமில்லை. டிராக்டரோ தண்ணீர் மோட்டாரோ, எது வந்தாலும் கோடுதான். அக்கா வீட்டுக் குக்கரின் கைப்பிடித் திருகில்கூட ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் அதைக் காட்டிக் கேலி செய்வேன்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவர் இந்த ஊரின் ஒரே பந்தயக் காருக்கு மெக்கானிக். இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம், தலைகால் புரியாத சந்தோஷம். காரின் சொந்தக்காரரும் ஓட்டுநரும் ஒருவரே: ஐஸ் ஃபேக்டரி முதலாளி. ஒரு பந்தயத்தில், ஐந்தாவது சுற்றில், காரின் இடது பின்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. கார் மதிலில் போய் மோதியது. முதலாளியின் வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. கூட்டி ஒட்டினார்கள், ஆனால் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது.

"சக்கரத்த இறுக்கினியா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"இறுக்கினேன்" என்றார் அத்தான்.

அன்றிலிருந்து அதே பதில்தான். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். பந்தயக்காரர்கள் யாரும் அதன் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. டிராக்டர் பட்டறைக்குப் போனார். பிரஷ் சட்டைப்பைக்குள் வந்தது அப்போதுதான்.

அவரைவிட அக்காதான் இதற்காக அதிகம் சண்டை போட்டாள். எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சித்தப்பா விளையாட்டாக, "மாப்பிள்ளைகிட்ட நாற்காலியக் குடுக்காதீங்கப்பா, நட்டு கழண்டுடப் போகுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். "அவர் இறுக்கினார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கை கழுவினாள். இருபத்தெட்டு வருஷமாகிறது, அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. சித்தப்பா செத்ததற்கும் போகவில்லை.

அதனால்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் முதலாளி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து, "ஷெட்டுல அந்தக் கார் அப்படியே கெடக்கு. விக்கணும். நீ சரி பண்ணிக் குடு" என்று கேட்டபோது எங்களால் நம்பவே முடியவில்லை. அத்தான், 'ஏன் என்னிடம் கொடுக்கிறீர்கள்?' என்று கேட்கவில்லை. முதலாளியும் விளக்கம் சொல்லும் ஜாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும், பட்டறை முடிந்த சாயங்காலங்களிலும் அத்தான் அந்த ஷெட்டே கதி என்று கிடந்தார். நசுங்கிப் போன மூக்கைத் தட்டி எடுத்தார். துருப்பிடித்த குழாய்களை மாற்றினார். எஞ்சினைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பினார். நீல நிறம் அடித்தார். முடிந்தபோது அது சுருட்டு மாதிரி நீளமாக, சக்கரங்கள் நான்கும் வெளியே நிற்க, நடுவில் ஒரே ஒரு ஆள் நுழைகிற குழியோடு நின்றது. உயிரைப் பாதிக்கிற நட்டுகள் மொத்தம் நாற்பத்து மூன்று என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். நாற்பத்து மூன்றுக்கும் கோடு.

இந்தக் கார் வாங்குபவர் கண் முன்னால் ஒழுங்காக ஓட வேண்டும். ஓடிவிட்டால் ஊர் வாய் அடைத்துவிடும். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. படம் எடுக்கிறவனுக்கு உலகத்தில் எல்லாமே இடைஞ்சல். விளக்கும் குடையும் தூக்கிக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போனபோது அத்தான் காரின் வலது முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தை இழுத்துத் திருப்புகிற கம்பி ஒன்று உண்டு. டை ராடு என்பார்கள். அதன் நட்டிலிருந்த பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, முனையைக் கழற்றி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், கொஞ்சம் தள்ளுங்க. வெளிச்சம் போயிடும்" என்றேன்.

"ரெண்டு நிமிஷம் மாப்ளே."

"சூரியன் உங்களுக்காக ரெண்டு நிமிஷம் நிக்குமா? சக்கரத்த நேரா நிறுத்துங்க, அது போதும்."

அவர் முனையை மாட்டி, நட்டை இரண்டு விரலால் சுழற்றி விட்டுவிட்டு எழுந்து கை துடைத்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி, டீ குடித்துக்கொண்டே விலை பேசலாம் என்று கூப்பிட்டார். போய்விட்டார்.

நான் ஒரு சுற்று படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் காரின் அழகான நீல உடம்புக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் கீறல்கள், குழந்தை கிறுக்கி வைத்த சுவர் மாதிரி. எரிச்சலாக வந்தது. ஷெட்டில் டர்பன்டைன் இருந்தது, துணி இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். படம் பளபளவென்று வந்தது. அத்தான் திரும்பி வரும்முன் நானே தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டேன், தூசி படக் கூடாதென்று. என் பொறுப்புணர்ச்சியை என்னவென்று சொல்வது!

விளம்பரம் வந்த இரண்டாம் நாளே ஒரு பல் டாக்டரம்மா ஃபோன் செய்தார். பழைய கார்களில் பந்தயம் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்காம். நேரில் ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் அன்றே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஊருக்கு வெளியே விமானம் இறங்காத பழைய ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அங்கே பன்னிரண்டு மணி வரைக்கும்தான் அனுமதி. அத்தானுக்கு இடையில் ஷெட்டுப் பக்கம் போக நேரமே கிடைக்கவில்லை. காரோடு கொடுக்க மாற்று டயர் வாங்க வெளியூர் போய் வந்தார்.

டாக்டரம்மா வருகிற நாள் காலை நானும் அத்தானும் அக்காவும் சேர்ந்துதான் கிளம்பினோம். அக்காவை வழியில் தையல் கம்பெனியில் இறக்கிவிட வேண்டும். வாசலில் செருப்பு மாட்டும்போது, "கேஸ மூடினீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"மூடிட்டேன்" என்றார் அத்தான்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எப்போதும் இப்படித்தான். கேஸ், குழாய், பூட்டு. அத்தான் சொன்ன பிறகும் ஒரு தரம் போய்ப் பார்க்காமல் அவளுக்கு ஆகாது.

"உனக்கு இது ஒரு வியாதிக்கா. மனுஷன் சொன்னா நம்பவே மாட்டியா?" என்றேன்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஷெட்டில் காரை ஏற்ற லாரி எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தது. தார்ப்பாயை விலக்கிய அத்தானின் முகம் செத்துவிட்டது.

"கோடு எங்கடா?"

நான் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி கைத்தடியால் தரையைத் தட்டி, "மணி என்ன ஆகுது பாரு. அந்தம்மா வந்துட்டாங்களாம்" என்று அவசரப்படுத்தினார். நாற்பத்து மூன்று நட்டுக்கும் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பதென்றால் அரை நாள் ஆகும். அத்தான் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எல்லாம் நான் இறுக்கினதுதான்" என்றார். "கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

பெயிண்ட் டப்பாவை என் கையில் கொடுத்து, பிரஷ்ஷை எடுத்தார். கால் மணி நேரத்தில் நாற்பத்து மூன்று கோடும் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. ஸ்பேனரைத் தொடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் தன் விதியை மீறியது அந்த ஒரு நாள்தான், அதற்கு டப்பா பிடித்தவன் நான்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சொந்த ஹெல்மெட்டோடு வந்திருந்தார். வந்ததும் வணக்கம் சொன்னார், உடனே தரையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"இது என்ன மஞ்சளா?" என்று அடியிலிருந்து கேட்டார்.

அத்தான் விளக்கினார். டாக்டரம்மா எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு, "இதப் பார்த்தாலே மனசுக்கு நிம்மதியா இருக்கு. இந்த மாதிரி வேலை செய்யறவங்க கெடைக்க மாட்டாங்க. ஆனா விளம்பரப் படத்துல இதக் காணோமே?" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். அத்தான் தரையைப் பார்த்தார்.

முதலாளி நிபந்தனை சொன்னார். முதல் இரண்டு சுற்று மெதுவாக. எல்லாம் சரியாக இருந்தால் மூன்றாவது சுற்றில் இஷ்டம் போல. ஓடுபாதை நேராகப் போய், கோடியில் வளைந்து, பக்கத்துப் பாதை வழியாகத் திரும்பி வரும். கோடி வளைவுக்கு அப்பால் ஒரு கல் கால்வாய்.

எஞ்சின் உறுமியபோது முதலாளி தன்னையறியாமல் வலது காலை அழுத்தினார், பெடலை மிதிக்கிறவர் போல. அத்தானின் கண் காரை விட்டு நகரவில்லை. முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. நான் தொடர்ந்து படம் எடுத்ததில் கேமரா கார்டில் இடம் தீர்ந்துவிட்டது. பழையதில் வேண்டாததை அழிக்கலாம் என்று பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். கோடு துடைப்பதற்கு முன்னால் எடுத்த அந்த முதல் சுற்றுப் படங்கள் இன்னும் இருந்தன. அவ்வளவு அசிங்கமாகவா இருந்தது என்று பார்க்க ஒன்றைப் பெரிதாக்கினேன். என் பக்கத்து நியாயத்தை எனக்கே நிரூபித்துக்கொள்ளும் ஆசை.

வலது முன்சக்கரம். கம்பி. கம்பியின் முனையில் நட்டு. பக்கத்தில் இருந்த நட்டுகளுக்கெல்லாம் கோடு இருந்தது. இதற்கு இல்லை.

நான் துடைப்பதற்கு முன்பே இல்லை.

இரண்டு விரலால் சுழற்றிவிட்டு எழுந்த அத்தானின் கை நினைவுக்கு வந்தது. "வெளிச்சம் போயிடும்" என்ற என் குரலும். சொன்னால் என் தலை உருளும். அதைவிட, சொன்னால் இந்த மனுஷனின் தலை இத்தனை பேர் முன்னால், அதுவும் அந்தக் கால் முறிந்த முதலாளியின் முன்னால், இரண்டாவது தடவையாக உருளும். இவ்வளவு நேரம் தாங்கிவிட்டதே, மூன்றாவது சுற்றும் தாங்காதா என்றுகூட நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன். அதற்குள் கார் பக்கத்துப் பாதையில் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. டாக்டரம்மா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாவது சுற்றில் இனி கடைசி வளைவுதான் பாக்கி. அடுத்தது மூன்றாவது.

"அத்தான்!" என்று ஓடினேன். கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். விரலால் காட்டினேன்.

அவர் ஒரே ஒரு தரம் பார்த்தார். படம் எப்போது எடுத்தது, ஏன் இப்போது காட்டுகிறாய், எதுவும் கேட்கவில்லை. பிரஷ் சட்டைப்பையிலிருந்து கீழே விழ, ஓடுபாதையின் நடுவுக்கு ஓடினார். அறுபதை நெருங்குகிற ஆள், முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிற ஆள். நடுப் பாதையில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்துப் பாதையிலிருந்து திரும்பிய கார் நேர்ப்பாதைக்கு வந்தது. டாக்டரம்மா இப்போது இஷ்டம் போல ஓட்டலாம். எஞ்சின் சத்தம் மேலே ஏறியது.

"டேய், அவன் எதுக்குடா அங்க நிக்கிறான்?" என்று முதலாளி கத்தினார்.

விலகி அவரைத் தாண்டிப் போகலாம் என்று டாக்டரம்மா நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் தலையில் ஓடியது. சட்டென்று ஸ்டீயரிங்கை வெட்டினால் அந்த நட்டு கழன்றுவிடும். அத்தானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையை மடக்கி இரண்டு உள்ளங்கையையும் தன் பக்கமாக அசைத்து, நேராக வாருங்கள், நேராகவே வந்து நில்லுங்கள் என்பது போலச் சைகை செய்தார். ஒரு அடி விலகவில்லை. டயர் தேய்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது காரின் மூக்குக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றி, "என்னாச்சு? செத்திருப்பீங்களே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலாளி மூச்சு வாங்க வந்தவர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா, எஞ்சின் சூடேறியிருக்கும், அதப் பார்க்கத்தான்..."

"இல்ல முதலாளி" என்றார் அத்தான். "ஒரு நட்ட இறுக்காம விட்டுட்டேன்."

வலது முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். ஸ்பேனர் எடுக்கவில்லை. இரண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருப்பினார். அது திரும்பியது. காலையில் போட்ட மஞ்சள் கோடு நடுவில் இரண்டாக உடைந்தது.

கோட்டைத் துடைத்தது நான்தான், இறுக்க விடாமல் எழுப்பியதும் நான்தான் என்று நான் ஏதேதோ உளறினேன். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ கோட்டத்தான் துடைச்சே. இறுக்காத நட்டுக்குக் கோடு போட்டது நான்." பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். எழுந்திருக்கவில்லை. "முப்பத்தோரு வருஷமா இறுக்கினேன்னு சொல்லிட்டிருக்கேன். இன்னைக்குக் காலைல இந்த நட்டக் காட்டிக் கேட்டிருந்தாலும் இறுக்கினேன்னுதான் சொல்லியிருப்பேன். பொய்யில்ல. நெஜமாவே இறுக்கினதாத்தான் எனக்கு ஞாபகம்."

அவர் சொல்ல வந்தது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. முதலாளி கைத்தடியை ஊன்றி அவர் பக்கத்தில் வந்தார்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருந்தேன்னா உன் பல்லப் பேத்திருப்பேன்" என்றார். "இப்ப எனக்கும் தெம்பில்ல. ஸ்பேனர எடு."

டாக்டரம்மா காரிலிருந்து இறங்கி அதன் பின்டயர் மேல் உட்கார்ந்தார். முகம் இன்னும் வெளுத்திருந்தது. "நான் ஒருத்தருக்கு மாத்திப் பல்லப் பிடுங்கியிருக்கேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "கேட்டா சரியான பல்லத்தான் பிடுங்கினேன்னு சொன்னேன். எக்ஸ்ரேவ எடுத்து நீட்டினாங்க." பிறகு, "நாற்பத்து மூணையும் என் கண் முன்னால இறுக்குங்க. நான் எண்ணுவேன்" என்றார்.

அனுமதி நேரத்தைக் காவலாளியிடம் கெஞ்சி நீட்டினோம். அத்தான் ஒவ்வொன்றாக இறுக்கினார். டாக்டரம்மா எண்ணினார். நான் கீழே விழுந்த பிரஷ்ஷைத் தேடி எடுத்து வந்து, அவர் இறுக்கிய பிறகு கோடு போட்டேன். பழக்கமில்லாததால் பாதிக் கோடு கோணல். மற்ற நாற்பத்திரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. அதில் அத்தானுக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்று மணிக்கு டாக்டரம்மா மூன்றாவது சுற்றை ஓட்டினார். பேய் மாதிரி ஓட்டினார். சாயங்காலம் கார் அவருடைய லாரியில் ஏறிப் போனது. மஞ்சள் கோட்டோடு ஒரு படம் தனக்கு வேண்டும் என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். அக்கா வேலையிலிருந்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"விக்கலையா?"

"வித்துடுச்சு" என்றேன் நான்.

அத்தான் அவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா வீட்டுக் கல்யாணம், போகாமல் விட்ட சாவு, பாதியில் கழுவிய கை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அத்தான். "அன்னைக்கு அந்தச் சக்கரத்த நான் இறுக்கியிருக்க மாட்டேன்னு நெனக்கிறேன். நீ எனக்காக எல்லார்கிட்டயும் சண்ட போட்டே. வீணாப் போச்சு."

அக்கா கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"இன்னைக்குக் காலைலயும் கேஸ் திறந்துதாங்க இருந்துது" என்றாள்.